தலைப்பில மட்டும் இருக்கிற பேரு

1999 மார்ச் மாசம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில, 86 வயசான ஒரு அம்மா ஒரு ராப் குழுவுக்கு எதிரா வழக்குப் போட்டார். அந்த அம்மாவின் பேரு ரோசா பார்க்ஸ். அந்தப் பாட்டின் பேரும் ரோசா பார்க்ஸ். ஆனா பாட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டாலும் அந்தப் பேரு ஒரு இடத்திலயும் வராது. தலைப்பில மட்டும்தான் இருக்கு.

இந்த வழக்கைப் பத்தி நாங்க ஏன் இவ்வளவு நாளா பேசிக்கிட்டிருக்கோம் என்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அது பின்னால வரும். முதல்ல வழக்கு.

ரோசா பார்க்ஸ் யாருன்னு இங்க யாருக்கும் விளக்கத் தேவையில்ல. 1955 டிசம்பர் 1, அலபாமா மாநிலத்து மொன்ட்கொமரி நகரம், பஸ்ல ஒரு வெள்ளைக்காரருக்காகத் தன்ர சீட்டை விட்டு எழும்ப மாட்டேன்னு சொன்ன பெண். கைது பண்ணினாங்க. அதுக்குப் பிறகு அந்த ஊரு கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸே ஏறல. பாடப்புத்தகங்கள் அவரை ஏதோ வேலை முடிஞ்சு களைச்சுப்போன வயசான அம்மா மாதிரிக் காட்டும். உண்மையில அப்போ அவருக்கு 42 வயசு. கறுப்பின மக்களுக்கான தேசிய சங்கத்தின் மொன்ட்கொமரி கிளையில செயலாளரா வேலை செஞ்சவர், என்ன செய்றோம்னு நல்லாத் தெரிஞ்சு செஞ்சவர். அவருக்கு ஒன்பது மாசம் முந்தி அதே ஊர்ல, அதே காரணத்துக்கு, கிளோடெட் கொல்வின்னு 15 வயசுப் பிள்ளை ஒருத்தியும் கைதானாள். அவள் பேர்ல யாரும் ஹிட் பாட்டு போடல. சரி, அது வேற கதை.

அவுட்காஸ்ட் என்கிறது ரெண்டு பேர், ஆந்த்ரே பெஞ்சமினும் அன்ட்வான் பட்டனும். ஜோர்ஜியா மாநிலத்து அட்லாண்டாப் பொடியன்கள். ராப்னா நியூயோர்க், இல்லாட்டி லொஸ் ஏஞ்சலிஸ்னு இருந்த காலத்தில தெற்கில இருந்து வந்து நின்னவங்க. 1998 செப்டெம்பர்ல வந்த அவங்கட மூணாவது அல்பம் 'அக்வெமினை'. அதிலதான் இந்தப் பாட்டு. கித்தார், கைதட்டு, நடுவில திடீர்னு ஒரு மவுத் ஓர்கன். அதை வாசிச்சது ஆந்த்ரேயின் சித்தப்பா முறையான, அதாவது அம்மா பிறகு கட்டினவர், ஒரு போதகர். கேட்டா தேவாலயத்து வாசல்ல கூட்டம் கூடி ஆடுற மாதிரி இருக்கும். நல்ல பாட்டு. கிராமி விருதுக்கும் பரிந்துரையாச்சு.

கோரஸ் என்ன சொல்லுதுன்னா, நாங்க திரும்ப வந்துட்டோம், சத்தம் போடாம எல்லாரும் பஸ்ஸுக்குப் பின்னால போங்க. அவ்வளவுதான். மத்த ராப் பாடகர்களைப் பார்த்து விடுற சவால்.

இந்த இடத்தில எங்க காதுக்கும் அமெரிக்கக் காதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. கண்டியில இருந்து ட்ரிப் போற எந்த பஸ்லயும் பின் சீட்டுதான் ராஜாங்கம். டோல்கி, ரபான் எல்லாம் அங்கதான். முன் சீட்டில சேர், மிஸ், வாந்தி எடுக்கிறவங்க. நம்ம அரச பஸ்ல முன் சீட்டு மதகுருமாருக்குன்னு எழுதியே இருக்கும். அதனால பின்னால போங்கன்னு ஒருத்தன் பாடினா எங்களுக்கு அது அழைப்பு மாதிரிக் கேட்கும். மொன்ட்கொமரியில அது சட்டம். முன் வரிசை வெள்ளையருக்கு, பின் வரிசை கறுப்பருக்கு. டிரைவர் வேணும்னா அந்தக் கோட்டையும் இன்னும் பின்னால தள்ளுவான். அந்தச் சட்டத்தை உடைச்ச பெண்ணின் பேரைத் தலைப்பில போட்டுட்டு, கறுப்பின இளைஞர்கள் ரெண்டு பேர் வேற கறுப்பின இளைஞர்களைப் பார்த்து பின்னால போன்னு சொல்றாங்க. கெட்டித்தனமான பகிடிதான். ஆனா அந்தப் பகிடி நிக்கிறது அந்த அம்மாவின் தோள்ல.

அவுட்காஸ்ட் பாட்டை இழிவுன்னு நினைச்சுச் செய்யல. அது எங்களுக்கு நிச்சயம். அதே நேரம் அவங்களே ஒரு இடத்தில, இது ரோசா பார்க்ஸைப் பத்தியோ சிவில் உரிமைப் போராட்டத்தைப் பத்தியோ எழுதின பாட்டு இல்ல, குறியீடு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. நேர்மையான பதில். ஆனா நீதிமன்றத்தில அதே பதில்தான் அவங்களுக்கு எதிரா நின்னது.

ரோசா பார்க்ஸ் தரப்பின் கேள்வி சுருக்கமா இதுதான்: பாட்டு என்னைப் பத்தி இல்லன்னா என்ட பேரு எதுக்கு? விளம்பரத்துக்கா? அவரைக் கேட்காமத்தான் பேரை எடுத்தாங்க. அல்பத்தில தூஷண வார்த்தை நிறைய இருக்கு. ஆன்மீகமான, ஒழுங்கான வாழ்க்கை வாழ்ந்த அம்மாவுக்கு அது பிடிக்கல. இன்னொரு விசயமும் இருக்கு. 1995-ல அவருக்கு மரியாதை செய்றதுக்குன்னு ஒரு சுவிசேஷப் பாட்டுத் தொகுப்பு வந்தது. அதுக்கு அவர் சம்மதம் கொடுத்திருந்தார். ஆக, பாட்டில தன்ர பேரு வர்றது அவருக்குப் பிரச்சினை இல்ல. எந்தப் பாட்டு என்கிறதுதான் பிரச்சினை. ரெண்டும் ஒரே கடையில பக்கத்துப் பக்கத்துல இருந்தா சனம் குழம்பும்னு சட்டத்தரணிகள் வாதாடினாங்க.

1999 நவம்பர்ல மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செஞ்சது. கலை, பேச்சுச் சுதந்திரம், முடிஞ்சது. பிறகு ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கில பேரெடுத்த ஜொனி கொக்ரன் மேன்முறையீட்டுக்கு வந்து சேர்ந்தார். 2003 மே மாசம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதியைத் திரும்ப உயிர்ப்பிச்சது.

அந்தத் தீர்ப்பை நாங்க ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து வாசிச்சோம். (பரீட்சைக்கு வாசிக்க வேண்டியது வேற நிறைய இருந்தது.) நீதிபதிகள் ஒரு பழைய வழக்கில இருந்து தொடங்குறாங்க. பெலினி எடுத்த 'ஜிஞ்சரும் பிரெட்டும்' படத்தின் தலைப்பில தன்ர பேரு இருக்குன்னு ஜிஞ்சர் ரொஜர்ஸ் என்கிற ஹொலிவூட் நடிகை போட்ட வழக்கு. 1989-ல வந்த அந்தத் தீர்ப்பு ஒரு அளவுகோலைக் கொடுத்தது. தலைப்புக்கும் உள்ள இருக்கிற படைப்புக்கும் கலை ரீதியா ஏதாவது தொடர்பு இருக்கணும், சனத்தை வெளிப்படையா ஏமாத்தக் கூடாது. ஜிஞ்சர் ரொஜர்ஸ் தோத்தார், ஏன்னா படத்தில வர்ற பாத்திரங்களை அந்தப் பேர்லதான் கூப்பிடுவாங்க. தொடர்பு இருந்தது.

அந்த அளவுகோலை எடுத்து ராப் பாட்டுக்கு வச்சுப் பார்க்கிறாங்க. ரோசா பார்க்ஸ் தரப்பு பாட்டு வரிகளை ராப் அகராதிகளை வச்சு சாதாரண ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தது! ஆங்கிலத்தில இருந்து ஆங்கிலத்துக்கு. எங்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஒருத்தர் பேசுற மொழியை இன்னொருத்தர் "திருத்தி" எழுதினா அதில இருந்த துள்ளல் எல்லாம் போயிடும். அந்த மொழிபெயர்ப்பில பாட்டு ஒரு அரசாங்க அறிவித்தல் மாதிரி இருந்தது.

ஆனா நீதிபதிகள் சொன்ன ஒரு விசயத்தை எங்களால தள்ள முடியல. 'பஸ்ஸின் பின்பக்கம்'னு தலைப்பு வச்சிருந்தா அது பாட்டோட பொருந்தியிருக்கும்; ஆனா அந்தத் தலைப்புக்கு ரோசா பார்க்ஸ் என்கிற பேருக்கு இருக்கிற விற்பனை வலிமை இருந்திருக்காதுன்னு எழுதினாங்க. தொடர்பு இருக்கா இல்லையான்னு ஜூரி முடிவு பண்ணட்டும்னு திருப்பி அனுப்பினாங்க. அமெரிக்க உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்துட்டுது.

இதுவரைக்கும் கதை நேரா இருக்கு. இதுக்குப் பிறகுதான் கலங்குது. 2004-ல அவர் தரப்புச் சட்டத்தரணிகள் 500 கோடி டொலருக்கும் மேல கேட்டு இன்னொரு வழக்குப் போட்டாங்க. அந்த நேரம் அம்மாவுக்கு 91 வயசு, மறதி நோய். குடும்பத்து ஆட்களே வெளிப்படையாக் கேட்டாங்க: இது அவர் கேட்கிறதா, அவரைச் சுத்தி இருக்கிறவங்க கேட்கிறதா? அவர் சார்பா முடிவெடுக்க டெட்ரொயிட்டின் முன்னாள் மேயர் டெனிஸ் ஆர்ச்சரை நீதிமன்றம் நியமிச்சது. 2005 ஏப்ரல்ல சமரசம். அவுட்காஸ்டும் கம்பனிகளும் ஒரு தொகை கொடுத்தாங்க, தொகை எவ்வளவுன்னு வெளியில சொல்லல. தப்பு செஞ்சோம்னும் ஒத்துக்கல. அவர் வாழ்க்கையைப் பத்தி இளைய தலைமுறைக்குச் சொல்ற நிகழ்ச்சிகளுக்கு உதவுறதா ஒத்துக்கிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு, 2005 ஒக்டோபர் 24, அவர் இறந்துட்டார்.

ஒரு பிரபலத்தின் "எதிர்வினை"ன்னு நாங்க சுலபமாச் சொல்றோம். அது யார் வாயில இருந்து வருதுன்னு பார்க்கணும்போல இருக்கு. தொடக்கத்தில இருந்த கோபம் அவருடையதுதான்னு நாங்க நம்புறோம். தன் பேரைப் பத்தி அவர் எப்பவும் கண்டிப்பாத்தான் இருந்தார். 'பார்பர்ஷொப்' படத்தில தன்னைப் பத்தி பகிடி விட்ட நடிகர் தொகுத்து வழங்குறார்னு 2003-ல ஒரு விருது விழாவுக்கே போகல. 500 கோடி டொலர் அவருடையதுன்னு மட்டும் நம்பக் கஷ்டமா இருக்கு.

எல்லாரும் இப்படி இல்ல. மல்யுத்தக்காரர் ரிக் பிளேயர் பேர்ல 2017-ல ஓப்செட் பாட்டு போட்டப்போ, அவரே வந்து வீடியோவில சங்கிலியும் மேலங்கியுமா நின்னார். ஷெக் வெஸ் 'மோ பம்பா'ன்னு பாடினது ஹார்லத்தில தன்னோட வளர்ந்த கூட்டாளி பேர்ல. அந்தப் பையன் அடுத்த வருசம் என்.பி.ஏ. கூடைப்பந்துக்கே தெரிவாகிட்டான், பாட்டும் பேரும் ஒண்ணையொண்ணு தூக்கிவிட்டுச்சு. இதில சண்டையே இல்ல, அதனால எழுத எங்களுக்கும் அதிகம் இல்ல.

நமக்குக் கிட்ட இருக்கிற கதை எம்.ஐ.ஏ.யின் கதை. மாதங்கி அருள்பிரகாசம் 2005-ல வெளியிட்ட முதல் அல்பத்துக்கு வச்ச பேரு 'அருளர்'. அது அவர் அப்பாவின் இயக்கப் பேரு. ஈரோஸ் அமைப்பைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தர், 'லங்கா ராணி' நாவலை எழுதினவர். 1977 வன்முறைக்குப் பிறகு கொழும்பில இருந்து கப்பல்ல வடக்குக்கு அனுப்பப்பட்ட சனங்களின் கதை அது. மலையகத்தையும் சேர்த்து யோசிச்ச இயக்கம்னு எங்க பக்கத்துப் பெரியவங்க ஈரோஸைப் பத்தி இன்னும் சொல்லுவாங்க. ஆனா மகளுக்கு அவர் பெரும்பாலும் வீட்டில இல்லாத அப்பா. எம்.ஐ.ஏ. பேட்டிகள்ல சொன்ன கதைப்படி, அல்பம் வர்றதுக்கு முந்தி அப்பாவிடம் இருந்து ஒரு ஈமெயில். அல்பத்தின் தலைப்பை மாத்து. உன்னை நினைச்சாப் பெருமையா இருக்கு. பேப்பர்ல உன்னைப் பத்தி வாசிச்சேன்.

மகள் தலைப்பை மாத்தல.

இந்த மூணு வசனத்தையும் நாங்க திரும்பத் திரும்பப் பேசியிருக்கோம். முதல் வசனமே "மாத்து". பெருமை அதுக்குப் பிறகுதான். நம்ம அப்பாமார் எல்லாரும் இப்படித்தானே எழுதுவாங்க? எங்கள்ல ஒருத்தி சொன்னா, எங்கப்பாவா இருந்தா ரெண்டாவது வசனமே வந்திருக்காதுன்னு. ரோசா பார்க்ஸ் விசயத்தில பேரு வெளியாட்கள் கையில போச்சு. இங்க அந்தப் பேரு மகளுக்கும் சொந்தம், அவர் பேருக்குப் பின்னாலயே அது ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு போராளிக்குத் தன் இயக்கப் பேரு ஒரு அரசியல் வேலை. மகளுக்கு அது வீட்டில இல்லாத ஒரு ஆள். யாருக்கு உரிமை அதிகம்? எம்.ஐ.ஏ. அதுக்கு அடுத்து 2007-ல அம்மா பேர்ல 'கலா', பிறகு 'மாயா', பிறகு 'மாதங்கி'. அம்மா, அப்பா முடிஞ்சதும் ரெண்டு தரம் தன்ர பேரையே எடுத்துக்கிட்டார். அதுக்கு யாரும் ஈமெயில் போட முடியாது.

இனி, நாங்க இதையெல்லாம் தோண்டினதுக்குக் காரணம்.

எங்க கூட்டத்தில ஒருத்தி ராப் எழுதுவாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. போன வருசம் ஒரு பாட்டு எழுதினாள், தலைப்பு 'முரளி'. பாட்டில முரளி வரவே மாட்டார். அது அவள் பேசுற தமிழைப் பத்தின பாட்டு. பள்ளிக்கூட காலத்தில ஒரு பேச்சுப் போட்டியில நடுவர் ஒருத்தர், உச்சரிப்பு "தோட்டத்து ஆள் மாதிரி" இருக்குன்னு சொல்லி மார்க்ஸ் குறைச்சது. பிறகு போற இடமெல்லாம் "வந்துச்சு", "போயிருச்சு"ன்னு சொன்னா சிரிக்கிறது. வாயைத் திறந்தாலே நோ-போல். அதுதான் கோரஸ்.

கண்டியில வளர்ந்தவங்களுக்குத் தலைப்புக்கு விளக்கம் தேவையில்ல. முத்தையா முரளிதரன் எங்க ஊர் ஆள். குண்டசாலைப் பக்கம் அப்பாவின் பிஸ்கட் தொழிற்சாலை, கட்டுகஸ்தோட்டை சென். அந்தனீஸ் கல்லூரி. பிறக்கும்போதே முழங்கை முழுசா நீளாது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன் மைதானம், நடுவர் டெரல் ஹெயார் மூணு ஓவருக்குள்ள ஏழு தரம் நோ-போல் கொடுத்தார். 2004-ல அவுஸ்திரேலியப் பிரதமரே அவர் எறியிறார்னு சொன்னார். 2010-ல காலியில 800 விக்கெட்டோட டெஸ்டை முடிச்சார். கையே அப்படின்னா கை என்ன செய்யும்? பேச்சே அப்படின்னா நாங்க என்ன செய்ய? தலைப்பு பிரமாதம்னு நாங்க எல்லாரும் நினைச்சோம்.

ஒருத்தனைத் தவிர. அவன் வவுனியா. பாட்டு முடியிற வரைக்கும் தலையாட்டிக் கேட்டுட்டு, "பாட்டு நல்லாயிருக்கு, பேரை எடு"ன்னான்.

காரணம் எங்களுக்கும் தெரியும். 2019 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில முரளி கோட்டாபயவுக்கு ஆதரவாப் பேசினது, போர் முடிஞ்சதைப் பத்திச் சொன்னது. 2020 ஒக்டோபர்ல '800' படத்தில விஜய் சேதுபதி நடிக்கப்போறார்னு வந்ததும் தமிழ்நாட்டில எழும்பின எதிர்ப்பு. தன் பேச்சைத் திரிச்சுட்டாங்க, உயிர்ப்பயம் இல்லாம வாழ முடிஞ்சதைத்தான் சொன்னேன்னு முரளி விளக்கம் கொடுத்தார். 1977-ல தன் குடும்பம் பட்ட பாட்டையும் சொன்னார். கடைசியில தன்னால அந்த நடிகருக்குப் பிரச்சினை வேண்டாம், விலகிடுங்கன்னு அவரே கடிதம் எழுதினார். சேதுபதி விலகினார். படம் 2023-ல மதுர் மிட்டல் நடிச்சு வந்தது. ('ஸ்லம்டோக் மில்லியனர்'ல அண்ணனா வந்தவர். அந்தப் படத்தில எம்.ஐ.ஏ. பாட்டும் இருக்கு, உலகம் சின்னது.)

அன்னைக்கு ரூம்ல நடந்த வாக்குவாதம் நல்லா இல்ல. "உங்களுக்கு அவர் முழங்கை, எங்களுக்கு அவர் வாய்"னு அவன் சொன்னான். அவள் சொன்னா, "எங்களுக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்ச ஒரே பேரு அது, அதையும் எடுக்கச் சொல்றியா?" ரெண்டுமே உண்மை. மலையகத்துப் பிள்ளைக்கு அந்தப் பேரு என்னன்னு வவுனியாவில இருந்து தெரியாது. வன்னியில 2009-ஐப் பார்த்த வீட்டில அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும்னு கண்டியில இருந்தும் தெரியாது. ரெண்டு வாரம் ரெண்டு பேரும் கென்டீன்ல ஒரே மேசையில உட்காரல.

அப்பதான் யாரோ அவுட்காஸ்ட் வழக்கை எடுத்துட்டு வந்தோம். தலைப்பை மாத்தலாம்னு ஒரு பக்கம்: 'ஏழு நோ-போல்'. நீதிபதிகள் சொன்ன 'பஸ்ஸின் பின்பக்கம்' மாதிரி, யாருக்கும் பிரச்சினை இல்ல. அவள் அதை ஒரு நாள் முழுக்க வச்சிருந்தாள். பிறகு, இதைப் பார்த்தா யார் பாட்டைத் திறப்பாங்கன்னு கேட்டாள். விற்பனை வலிமை! நீதிபதிகள் சொன்னதும் அதேதான்.

எங்களுக்குப் பட்டது வேற. அவுட்காஸ்ட் அந்த அம்மாவின் பேரைத் தலைப்பில வச்சுட்டு அவர்கிட்ட ஒரு வார்த்தையும் பேசல. பாட்டுக்குள்ள அவர் இருந்திருந்தா, வாழ்த்தாகவோ கேள்வியாகவோ சண்டையாகவோ, கோபம் வந்திருக்கலாம், ஆனா "என்ட பேரு எதுக்கு?" என்கிற கேள்வி வந்திருக்காது. முரளி இந்தப் பாட்டைக் கேட்கப்போறதில்ல, வழக்குப் போடப்போறதுமில்ல. அதுக்காக அவரைச் சும்மா போஸ்டர்ல ஒட்டலாமா?

அவள் பாட்டைத் திரும்ப எழுதினாள். தலைப்பு மாறல. ரெண்டாவது வெர்ஸ் முழுக்க இப்ப முரளியைப் பார்த்துப் பேசுது. மரியாதையா, 'அண்ணே'ன்னு கூப்பிட்டு. உங்க கையை வளைஞ்சதுன்னு சொன்னப்போ எங்க தாத்தா ரேடியோவுக்குப் பக்கத்தில அழுதார்னு தொடங்கி, 2019-ல நீங்க பேசினப்போ யாருக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு தெரியுமான்னு போய் நிக்குது. அந்தக் கடைசி எட்டு வரியை அவள் எழுதல. வவுனியாக்காரன் எழுதினான், அவன் தமிழ்லயே. அவன்தான் பாடவும் போறான்.

இன்னும் ரெக்கோட் பண்ணி முடியல. அவன் பீட்டைவிட அரை மாத்திரை பிந்தித்தான் வர்றான். அவள் ஒவ்வொரு தரமும் நிறுத்தி, "நோ-போல்"னு கத்துறாள்.